பேசும்போது நின்ற எண்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

போன் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள், நான் எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமும்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. போனில் உங்கள் குரல் அப்படியே உங்கள் அண்ணன் குரல். நேரில் என்றால் முகம் வேறு, சமாளித்துவிடுவேன். காதுக்கு மட்டும் கேட்டால் என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

விசாரணைக் குழுவிலிருந்து தபால் வந்திருக்கிறது. மார்ச் பதினான்காம் தேதி கடைசி அமர்வு. பாய்லர் வெடித்து உங்கள் அண்ணனும் கூட வேலை பார்த்த ஒல்லியும் செத்ததற்குக் காரணம், 'பணியில் இருந்த ஆபரேட்டர் தூங்கியது' என்று கம்பெனி அறிக்கை கொடுத்திருக்கிறது. அன்றைக்கு அதை அப்படியே ஏற்றுக்கொள்ளப் போகிறார்களாம். மறுப்பு இருந்தால் ஆதாரத்தோடு வர வேண்டுமாம். ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்? பஸ் ஸ்டாண்டில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடை என்று சொல்கிறவள் நான்.

தூங்கினார் என்ற வார்த்தை எங்கிருந்து முளைத்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. சாவு வீட்டில், மேனேஜர் பக்கத்தில் நிற்க, நீங்கள்தான் சொன்னீர்கள்: "அண்ணன் கொஞ்சம் கண்ணசந்துட்டாரு போல." அழுதுகொண்டேதான் சொன்னீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஆள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு போய், இஸ்திரி போட்டு, 'தூங்கினார்' என்று எழுதிவிட்டார். சொந்தத் தம்பியே ஒப்புக்கொண்டான் என்று ஒரு வரி வேறு. படித்துப் பாருங்கள், மூன்றாம் பக்கம்.

ஊர் மாறி வந்தும் அது விடவில்லை. வாண்டுவிடம் பள்ளியில் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது, "உங்கப்பா தூங்கித் தூங்கியே இன்னொருத்தரையும் சேர்த்துக் கொன்னுட்டாராமே" என்று. வீட்டுக்கு வந்து என்னிடம் மூச்சு விடவில்லை, டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆனால் அன்றிலிருந்து படுக்க மாட்டேன் என்கிறது. கண் சொருகும், தலை சாயும், உடனே திடுக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். "தூங்குடி" என்றால் "தூங்கல, தூங்கல" என்று அழுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் ஒரு குற்றமாகிவிட்டது. இதற்கு மேல் நான் உங்களுக்கு என்ன எழுத வேண்டும்?

அந்தப் பாய்லர் கம்ப்யூட்டர் உங்கள் கையில்தான் இருக்கிறது. கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் நீங்கள்தானே. திறந்து பாருங்கள். உங்கள் அண்ணன் வேலையில் தூங்குகிற ஆள் இல்லை. வெளியூர் பஸ்ஸில்கூடத் தூங்க மாட்டார். கேட்டால், "டிரைவருக்குத் துணைக்கு ஒருத்தனாவது முழிச்சிருக்க வேணாமா" என்பார்.

அண்ணி

*

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். மேனேஜர் அன்று என் தோளில் கை வைத்து, "அலாரம் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு, உங்க அண்ணன் ஏன் ஒண்ணுமே பண்ணல?" என்று கேட்டார். ஏதாவது பதில் சொன்னால் அந்தக் கை போய்விடும் என்று நினைத்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அது இப்படி அச்சில் வந்து நிற்கும் என்று தெரியாது.

நீங்கள் சொன்னபடி கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அது இருந்தது பாய்லரை ஒட்டிய கட்டுப்பாட்டு அறையில். பெட்டி ஒரு பக்கம் நசுங்கியது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பதிவுகளை நகலெடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள், இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. பார்த்ததைச் சொல்கிறேன், புரியாவிட்டால் திட்டுங்கள். இங்கே எனக்கு ஸ்க்ரூ என்றுதான் பெயர். ஒன்று சொல்லத் தொடங்கினால் திருகிக்கொண்டே இருப்பேனாம்.

கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு கருவியும் தன் தகவலை நினைவகத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும். சாதாரணமாக எல்லாம் ப்ராசஸர் வழியாகத்தான். மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி ஸ்டோருக்குப் போகிற மாதிரி. ஆனால் சில கருவிகளுக்கு அவசரம் அதிகம், கையெழுத்துக்குக் காத்திருக்க முடியாது. அவை நேராக ஸ்டோருக்குள் நுழைய தனிக் கதவுகள் உண்டு. டி.எம்.ஏ. சேனல் என்போம். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு எண், ஒரு கதவு ஒருவருக்குத்தான். இரண்டு பேர் ஒரே கதவில் நுழைந்தால் ஒருவர் வெளியிலேயே நிற்பார், அவர் கொண்டுவந்த தகவலும் நிற்கும்.

எந்தக் கருவிக்கு எந்தக் கதவு என்று கம்ப்யூட்டரே ஒரு பட்டியல் காட்டும். அதைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் சவுண்ட் கார்டு. இரண்டில் ஃப்ளாப்பி. நான்கில், இந்தக் கதவுகளையெல்லாம் மேய்க்கிற சிப்பே உட்கார்ந்திருக்கிறது. மற்றதெல்லாம் காலி. மோதல் இருந்தால் பக்கத்தில் மஞ்சள் குறி வரும். வரவில்லை. எல்லாம் சுத்தமாக இருக்கிறது.

பதிவில் ஒன்று மட்டும் உறுத்துகிறது. அலாரம் அடித்த நேரம் முழுக்கத் தண்ணீர் அளவு நாற்பத்திரண்டு என்றே இருக்கிறது. நூற்றுக்கு நாற்பத்திரண்டு என்றால் கொஞ்சம் குறைவு, பயப்படுகிற அளவு கிடையாது. அந்த அளவில் பாய்லர் ஏன் காய்ந்து வெடித்தது என்று மேனேஜரிடம் கேட்டேன். "கருவி ஆயிரம் காட்டும். அதைக் கவனிக்கத்தானே ஆள் வச்சிருக்கோம். ஆள் தூங்கிட்டான்" என்றார்.

அந்த சவுண்ட் கார்டு கம்பெனி வாங்கியதில்லை. அண்ணன் பழைய சாமான் கடையில் வாங்கி மாட்டியிருக்கிறார். என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை போல. அதில் என்ன பதிந்து வைத்திருக்கிறார் என்று போட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

விட்டுவிடலாம் அண்ணி. வாண்டுவை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்க்ரூ

*

பிப்ரவரி 15

தம்பிக்கு,

பட்டியலில் இல்லை என்றால் உலகத்திலேயே இல்லை, அப்படித்தானே? எங்கள் பஸ் ஸ்டாண்ட் பட்டியலிலும்தான் எல்லா வண்டியும் சரியான நேரத்துக்கு வருகிறது. வெளியே வந்து பார்த்தால் ஜனங்கள் மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

விடுகிறதாம். நீங்கள் விடுவீர்கள். நேற்று ஒல்லியின் மனைவி இத்தனை தூரம் பயணம் செய்து என் அறிவிப்பு அறைக்கே வந்துவிட்டாள். நான் மைக்கில் இருக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்துவிட்டு வெளியே போனதும், "நீங்க பேசுறதை ஊரே கேக்குது. உங்க புருஷன்கிட்ட, முழிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த வண்டி எது என்று என்னிடமே விசாரித்து, ஏறிப் போய்விட்டாள்.

அவளுக்கு என்ன தெரியும். நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன் தம்பி. அந்த சவுண்ட் கார்டில் இருப்பது நான்தான்.

உங்களுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. உங்கள் அண்ணனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அத்தனை வருஷ பாய்லர் இரைச்சல். கம்பெனிக்குத் தெரிந்தால் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று மறைத்தார். அலாரத்தின் கீச்சுச் சத்தம் அவர் காதில் ஏறவே இல்லை. "உன் குரல் மட்டும் எந்த இரைச்சலிலும் தெளிவா விழுது. மைக்குல பேசிப் பேசி ஆணி மாதிரி ஆயிடுச்சு" என்பார். அதனால் என்னைப் பேச வைத்துப் பதிந்து, கீச்சுச் சத்தத்துக்குப் பதிலாக அதை வைத்தார். தண்ணீர் குறைந்தால் நான் பேசுவேன். எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததும் அவர்தான், என்னை நிஜமாகவே ரேடியோ ஆக்கியதும் அவர்தான்.

கூடவே கிண்டலும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார், "நீ வாயைத் திறந்தா பாய்லரே வாயடைச்சுப் போயிடுதுடி. ஸ்க்ரீன்ல நம்பர்கூட அசையாம நின்னு கேக்குது. நீ முடிச்சப்புறம்தான் அதுக்கு மூச்சே வருது." வாண்டு சிரித்துச் சிரித்துச் சோறு புரையேறிவிட்டது. எனக்குக் கோபம், தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். இப்போது நினைத்தால், அந்த ஒரு வேளையாவது உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டிருக்கலாம்.

இப்படி என் குரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்த மனிதர் தூங்குவாரா? சொல்லுங்கள். நான் பேசும்போது வீட்டிலேயே அவரால் தூங்க முடிந்ததில்லை.

அண்ணி

*

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

மூன்று கேள்வி மட்டும். எதற்கு என்று இப்போது கேட்க வேண்டாம்.

நம்பர் அசையாமல் நின்றது என்று அண்ணன் சொன்னது கிண்டலா, நிஜமாகப் பார்த்துச் சொன்னாரா? அப்போது நீங்கள் பதிந்து கொடுத்த பேச்சு எவ்வளவு நீளம்? பிறகு அதை மாற்றினாரா?

சீக்கிரம் எழுதுங்கள்.

ஸ்க்ரூ

*

பிப்ரவரி 24

தம்பிக்கு,

கேள்வி மட்டும் கேட்டுவிட்டு, எதற்கென்று கேட்காதே என்றால் எனக்கு எப்படி இருக்கும்? இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் எதைக் கிண்டலாகச் சொன்னார், எதை நிஜமாகச் சொன்னார் என்று பத்து வருஷம் கூடவே இருந்த எனக்கே தெரிந்ததில்லை.

முதலில் பதிந்தது ஒரே வரிதான். "தண்ணியைப் பாருங்க." அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சொல்லும். அது அவருக்குப் போதவில்லை. "சட்டுனு முடிஞ்சுடுது, திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள காணாமப் போயிடுது. விடாம பேசற மாதிரி ஒண்ணு வேணும். உனக்கென்ன, பேசச் சொல்லியா தரணும்" என்றார். அப்படி இரண்டாவதாக ஒன்று பதிந்தோம், கடைசியாக வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமை. நான் சமையலறையில் கை ஈரத்தோடு நின்று பேசினேன். இன்னும் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது:

"ஏங்க, தண்ணி குறையுது. எழுந்து போய்ப் பாருங்க. அந்த டீ எங்கயும் ஓடிடாது, வந்து குடிச்சுக்கலாம். முதல்ல தண்ணியைப் பாருங்க. நான் சொல்றது கேக்குதா இல்லையா? கேக்கலன்னா இன்னொரு தடவை சொல்றேன்."

கடைசி வரி நான் விளையாட்டுக்குச் சொன்னது. அவருக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. "இதை அப்படியே சுத்த விட்டா போதும், இடைவெளியே வேணாம். இன்னொரு தடவை சொல்றேன்னு நீயே சொல்லிட்டு நீயே ஆரம்பிச்சுடுவ" என்று துள்ளினார். தண்ணீர் மேலே ஏறினால் தானாக நின்றுவிடும் என்றார். மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் வெடித்துவிட்டது.

இடையில் அது ஒரு தடவையாவது பேசியதா என்று கேட்டேன். "பாய்லர் உனக்குப் பயந்துக்கிட்டு தண்ணியைக் குறைய விட மாட்டேங்குது" என்றார், புதன்கிழமை போனில்.

ஏன் கேட்கிறீர்கள் தம்பி?

அண்ணி

*

மார்ச் 4

அண்ணிக்கு,

பதில் தாமதம். மன்னிக்க வேண்டும். நான்கு தாள் கிழித்துப் போட்டேன்.

நல்ல சேதிதான். அண்ணன் தூங்கவில்லை. இதை இனி யாரிடமும் நிரூபிக்கலாம்.

நான் முதலில் பார்த்த பட்டியல் பொய் சொல்லவில்லை, ஆனால் தன்னிடம் பெயர் கொடுத்தவர்களை மட்டும்தான் அது காட்டும். பாய்லரிலிருந்து தண்ணீர் அளவைக் கொண்டுவருகிற கார்டு ரொம்பப் பழசு. அது யாரிடமும் பெயர் கொடுக்காமல் நேராக உள்ளே போகிற ரகம். எந்தக் கதவு என்பதை அந்தக் கார்டின் மேலேயே, ஜம்பர் என்கிற சின்னச் செருகியை வைத்து முடிவு செய்துவிடுவார்கள். நகத்தளவுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் யாரும் இல்லாதபோது பெட்டியைக் கழற்றி, தூசியைத் துடைத்துப் பார்த்தேன். செருகி ஒன்றாம் கதவில் இருந்தது.

ஆக, கார்டு இன்னொரு கருவியோடு ஒரே கதவில் முட்டியிருக்கிறது. ஃப்ளாப்பியோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாப்பி வேலை செய்தபோது தண்ணீர் அளவு உள்ளே வர முடியாமல் நின்றுவிட்டது. திரையில் பழைய எண்ணே தெரிந்திருக்கிறது. அவர் நாற்பத்திரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே தண்ணீர் அதற்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பாய்லர் தண்ணீர் ஒருபோதும் அசையாமல் நிற்காது, ஒன்றிரண்டு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே எண் அத்தனை நேரம் நின்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

குழுவுக்கு இதை எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் அலைய வேண்டாம். அந்தப் பதிவைப் பற்றியும் அங்கே பேச்சே எழாது, அது இதில் சம்பந்தமில்லாதது.

வாண்டுவிடம் சொல்லுங்கள், அப்பா தூங்கவில்லை என்று.

ஸ்க்ரூ

*

மார்ச் 7

தம்பிக்கு,

பொய் சொல்லத் தெரியாத குடும்பம் உங்களுடையது. உங்கள் அண்ணனுக்கும் வராது. அவர் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். நீங்கள் பொய் சொன்னால் எண் தப்பாகிறது.

ஃப்ளாப்பி இரண்டாம் கதவு. நீங்களேதான் எழுதினீர்கள், பிப்ரவரி ஒன்பதாம் தேதி கடிதம் என் முன்னால் இருக்கிறது. தண்ணீர்க் கார்டு ஒன்றாம் கதவு என்று இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றாம் கதவில் யார் என்பதும் பழைய கடிதத்தில் இருக்கிறது. நான் நாள் முழுக்க வண்டி நம்பரையும் நடைமேடை நம்பரையும் சேர்த்துச் சேர்த்துச் சொல்கிறவள், தம்பி. என்னிடமா?

நான் பேசினேன், எண் நின்றது. எண் நின்றதால் தண்ணீர் ஏறினது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, இறங்கினதும் தெரியாது. அதனால் நான் நிறுத்தவே இல்லை. கேட்கவில்லையா, இன்னொரு தடவை சொல்கிறேன், கேட்கவில்லையா, இன்னொரு தடவை சொல்கிறேன். அந்த ஒரே வரியாக விட்டிருந்தால் நடுவில் மூச்சு விட்டிருப்பேன், அந்த நேரத்தில் சரியான எண் உள்ளே வந்திருக்கும். அதைத்தான் அவர் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். நீ முடித்த பிறகுதான் அதற்கு மூச்சு வருகிறது என்று. எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் அதை ஒரு ஜோக் என்று நினைத்தோம்.

இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. வாயைத் திறக்கத்தான் பயமாக இருக்கிறது. வாண்டுவிடம்கூடச் சைகையில் பேசுகிறேன், அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் திருப்பிச் சைகை காட்டுகிறது. எனக்கு அழுகை வருகிறது, அதற்கும் சத்தம் வரவில்லை.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எழுதினீர்கள், தெரிகிறது. அந்த நல்லெண்ணத்தை அப்படியே மடித்து உள்ளே வையுங்கள். நீங்கள் எழுத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? ஃப்ளாப்பி, கதவு, செருகி என்று படித்துவிட்டு ஓரமாக வைப்பார்கள். மேனேஜர் அந்த மஞ்சள் குறி இல்லாத பட்டியலைக் காட்டுவார், முடிந்தது. பொய் ஒன்று உள்ளே இருந்தால் மொத்தமும் பொய் என்று ஆகிவிடும்.

ஸ்பீக்கரை அலமாரியிலிருந்து எடுங்கள். மாட்டுங்கள். எல்லோர் முன்னாலும் என்னைப் பேச விடுங்கள், எண் நிற்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். காது கேட்காததைச் சொல்ல வேண்டி வந்தால் அதையும் சொல்லுங்கள். ஒல்லியின் மனைவியையும் வரச் சொல்லுங்கள். புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டாளே, அவளும் கேட்கட்டும்.

நான் வரவில்லை. அங்கே உட்கார்ந்து என் குரலை நானே கேட்க எனக்குத் தெம்பில்லை.

அண்ணி

*

மார்ச் 15

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

நீள மேஜை. குழுவில் மூன்று பேர், தலைவர் ஓய்வு பெற்ற பாய்லர் இன்ஸ்பெக்டர். எதிரே மேனேஜரும் கம்பெனி வக்கீலும். கம்ப்யூட்டரை நடுவில் வைத்தேன். பாய்லரிலிருந்து வருகிற கம்பிக்குப் பதிலாக ஒரு குமிழை இணைத்திருந்தேன், ரேடியோவில் சத்தம் கூட்டுகிற குமிழ் மாதிரி. திருப்பினால் திரையில் தண்ணீர் அளவு ஏறும், இறங்கும். முதலில் ஸ்பீக்கரை அணைத்து வைத்துவிட்டு, அவர்களுக்குக் கதவுகளின் பட்டியலைக் காட்டினேன். பிறகு பெட்டியைத் திறந்து செருகியைக் காட்டினேன். தலைவர் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு ஸ்பீக்கரைப் போட்டேன். தலைவரே குமிழைத் திருப்பினார். அறுபது, ஐம்பது, நாற்பத்தைந்து. நாற்பத்திரண்டு வந்ததும் நீங்கள் பேசினீர்கள்.

"ஏங்க, தண்ணி குறையுது" என்றீர்கள். தலைவர் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எண் நாற்பத்திரண்டிலேயே நின்றது. நீங்கள் டீ ஓடிவிடாது என்றீர்கள். மேனேஜர், "கம்பி லூஸா இருக்கும்" என்றார். நான் ஸ்பீக்கர் கம்பியைத் தொடாமல், சவுண்ட் கார்டை மட்டும் நிறுத்தினேன். எண் விழுந்தது, ஒரேயடியாக ஒன்பதுக்கு. குமிழை மேலே ஏற்றி, கார்டைத் திரும்பப் போட்டு, மறுபடி இறக்கச் சொன்னேன், நீங்கள் பேசத் தொடங்கியதும் எண் திரும்பவும் நாற்பத்திரண்டில் நின்றது.

ஒல்லியின் மனைவி எழுந்து வந்து, "நான் திருப்பிப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். தலைவர் நகர்ந்துகொண்டார். அவள் குமிழைக் கடைசிவரை திருப்பினாள். தண்ணீரே இல்லை என்கிற இடம் அது. திரையில் நாற்பத்திரண்டு. நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள். அவள் குமிழை விடவில்லை. "இதைத்தான் ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு நின்னுருப்பாங்க" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "போதும், அவங்களை நிறுத்திடுங்க. மூச்சு வாங்கட்டும்" என்றாள். நிறுத்தினேன்.

அண்ணனின் உடல் நாற்காலியில் கிடைக்கவில்லை, பாய்லரில் தண்ணீர் மட்டம் நேராகத் தெரிகிற கண்ணாடிக் குழாய்க்குப் பக்கத்தில்தான் கிடைத்தது. கடைசி நொடியில் விழித்துக்கொண்டு ஓடினார் என்று கம்பெனி எழுதியிருந்தது. தலைவர் அதை உரக்கப் படித்துவிட்டுச் சொன்னார்: "ஸ்க்ரீன்ல சந்தேகம் வந்திருக்கு. கண்ணால பார்க்கப் போயிருக்காரு. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

தீர்ப்பைச் சொல்கிறேன், முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 'தூங்கினார்' என்பதை அடித்துவிட்டார்கள். 'ஆபரேட்டர் விழிப்புடன் இருந்தார்' என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே, விபத்துக்குக் காரணம் 'ஆபரேட்டர் அனுமதியின்றிப் பொருத்திய ஒலிக் கருவி' என்று எழுதியிருக்கிறார்கள். காதைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. இத்தனை வருஷமும் ஒரு தடவைகூட காது பரிசோதனை செய்யாத கம்பெனியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் கேட்டேன். அது இந்த விசாரணையின் வரம்பில் வராது என்றார்கள். வெளியே வரும்போது மேனேஜர், "உங்க அண்ணனை நீங்களே மாட்டி விட்டுட்டீங்களே" என்றார். அடிக்கக் கை ஓங்கினேன், வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். வேலை இருக்குமா என்று திங்கட்கிழமை தெரியும்.

இதுதான் கிடைத்தது அண்ணி. இதற்குமேல் என்னால் முடியவில்லை.

கம்ப்யூட்டரை உடைக்கச் சொல்லிவிட்டார்கள். உங்கள் பதிவை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அனுப்பவா, அழித்துவிடவா?

ஸ்க்ரூ

*

மார்ச் 22

தம்பிக்கு,

விழிப்புடன் இருந்தார் என்ற வரியைக் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டேன். கீழே இருப்பதை நான் மறுக்கவில்லை. அவர் மாட்டினார், நான் பேசினேன். இரண்டும் நடந்ததுதான்.

ஒல்லியின் மனைவி ஒரு தபால் அட்டை போட்டிருக்கிறாள். 'நல்லா இருக்கீங்களா' என்று ஒரே வரி. பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன்.

வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். போகாமல் எப்படி? மைக்கைத் திறந்ததும் எதிரே இருக்கிற பெரிய கடிகாரத்தைப் பார்க்கிறேன். நொடிமுள் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே பேசுகிறேன். நகர்கிறது. வண்டிகள் போகின்றன, ஜனங்கள் நடக்கிறார்கள், எதுவும் எனக்காக நிற்கவில்லை. ஆனாலும் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இப்போதெல்லாம் நிறைய இடம் விடுகிறேன். "ஏம்மா, மைக்கு ரிப்பேரா?" என்று டெப்போக்காரர்கள் கேட்கிறார்கள்.

வாண்டுவிடம் சொன்னேன். பக்கத்தில் உட்காரவைத்து, "அப்பா தூங்கலடி. பெரியவங்க எல்லாம் பார்த்து எழுதிக் கொடுத்துட்டாங்க" என்றேன். அது உடனே நம்பவில்லை. உங்கள் குடும்பத்துப் பிள்ளை, ஒன்றைத் திருகாமல் விடுமா. "அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு?" என்று கேட்டது.

கதவு, கார்டு, செருகி என்று எதையாவது சொல்லலாமா என்று பார்த்தேன். "அம்மா பேசிக்கிட்டு இருந்தேன். அதைக் கேட்டுக்கிட்டு இருந்தாரு" என்றேன். "அப்ப சரி" என்றது. என் மடியிலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டது. கால் மரத்துப்போனது, நான் அசையவில்லை.

பதிவை அழித்துவிடுங்கள்.

வேலை போனால் இங்கே வாருங்கள். டெப்போவில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டு யாரும் தொடாமல் மூடி வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்யுங்கள் தம்பி. இந்தத் தடவை எடுக்கிறேன். நான் ஒன்றும் பேச மாட்டேன், அதனால் கட்டாகிவிட்டதோ என்று வைத்துவிடாதீர்கள். நீங்கள் பாட்டுக்கு எதையாவது பேசிக்கொண்டே இருங்கள். கேட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணி